‘கேட்டுச்சு’ சுவிட்ச்

உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கம்ப்யூட்டரை அண்ணனுக்காக வாங்கினேன் என்றுதான் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பகலில் எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வாங்கினேன். அண்ணனுக்கும் உதவும் என்று நினைத்தேன், அதுவும் பொய்யில்லை.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். மாமல்லபுரத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளில் நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் ஏற்றிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் வரை போவான். கோட்டை மதிலோரம் வண்டியை நிறுத்திவிட்டு வறுத்த மீன் வாங்கி வருவான். இரண்டு பேரும் பேசாமல் தின்போம். பேச்சு அவனுக்குத் தேவையே இல்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். தனியாக உட்கார்ந்து சாப்பிடவே மாட்டான். சாப்பாட்டு நேரத்துக்குத் துணை கிடைக்காவிட்டால் முன்பின் தெரியாத ஆட்டோக்காரரைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வான்.

இரண்டாயிரத்து ஆறில் அதே கடற்கரைச் சாலையில் மாடு ஒன்று குறுக்கே வந்து வேன் கவிழ்ந்தது. கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அதன்பிறகு தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புவான், அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, எதுவும் தெரியாது. குரலும் மூச்சு போதாமல் சுருங்கிப்போனது. வாயருகே குனிந்தால் கேட்கும். வாசற்படி தாண்டினால் கேட்காது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் அண்ணியிடமும் சொன்னார், என்னைத் தனியாக அழைத்தும் சொன்னார். திருப்பாவிட்டால் முதுகில் புண் வரும். அவனுக்கு வலி தெரியாது, அதனால் புண் பெரிதாகும்வரை யாருக்கும் தெரியாது. புண் ஆழமாகிவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்றார்.

செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் போகும் தெருவில் எங்கள் வீடு. முன்னறை, உள்ளறை, சமையலறை. உள்ளறையில் அண்ணன். அண்ணி பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டரைக்கு ரயிலுக்குக் கிளம்பினால் நாலு மணிக்கு வருவாள். நான் ஒரு தொழிற்சாலையின் கண்ட்ரோல் ரூமில் கருவிகளைப் பார்க்கிற வேலையில் இருந்தேன். நிரந்தர நைட் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு நான் வீட்டுக்குள் வர, அரை மணியில் அண்ணி வெளியே போவாள். பகலுக்கு நான், இரவுக்கு அவள். தாளில் எழுதிப் பார்த்தால் ஓட்டையே இல்லாத ஏற்பாடு.

ஓட்டை என் கண்ணில் இருந்தது. இரவு முழுக்க விழித்துவிட்டு வருகிறவனுக்கு ஒன்பது மணிக்கு மேல் உலகமே தெரியாது. உள்ளறையிலேயே பாய் போட்டுப் படுக்கலாம்தான், அண்ணி அப்படித்தான் படுத்தாள். எனக்கு அந்த அறையின் டெட்டால் வாசனையும் அவனுடைய மூச்சுச் சத்தமும் ஆகவில்லை. முன்னறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். முன்னறைக்கு அவன் குரல் வராது. எனவே குரலுக்குப் பதிலாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில் பொத்தேரி கல்லூரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைசி வருட மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுக்கிற கடை. செய்து கொடுப்பது என்றால் முழுசாகச் செய்து, அட்டை போட்ட ரிப்போர்ட்டும் அடித்து, வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதுவரை சொல்லிக் கொடுத்து அனுப்புவது. கடைக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு மேசைமேல் இரண்டு சாமான்களை வைத்தார். ஒன்று சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. மலிவு, ஆனால் பேசாது, பீப் என்று மட்டும் கத்தும். இன்னொன்று பழைய டெஸ்க்டாப். பேசும், ஆனால் அந்த வருடம் தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, அதை ஓட்டக்கூடிய இன்வெர்ட்டர் எங்கள் வீட்டில் இல்லை. நான் முகம் சுளித்ததும் மூன்றாவதாக ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தார். யாரோ ஒரு மாணவன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பாஸாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது.

“அண்ணாத்த, கையில வெச்சிப் பாரு. முழு கம்ப்யூட்டரே இதான்” என்றார்.

கையில் வைத்துப் பார்த்தேன். விரல்கள் மடங்கினால் மறைந்துவிடும் அளவு. பச்சைத் தகட்டின் நடுவே கறுப்புச் சில்லு, ஓரத்தில் மெமரி கார்டு செருகுகிற வாய், ஸ்பீக்கருக்கு ஓர் ஓட்டை, வரிசையாக ஊசிக்கால்கள். பைக் பேட்டரி ஒன்றிருந்தால் நாள் முழுக்க ஓடும். ஐந்து வோல்ட்டில் ஒரு கம்ப்யூட்டர் பேசுகிறது என்பது அந்த நாளில் எனக்கு ஆச்சரியம். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்தேன். வழியெல்லாம் ரயிலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். விபத்துக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

என்ன செய்யப்போகிறேன் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கண்ட்ரோல் ரூமில் ஆயிரம் தடவை பார்த்ததைத்தான் வீட்டில் செய்தேன். அங்கே சுவரில் கட்டம் கட்டமாக விளக்குப் பலகை இருக்கும். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அதற்குரிய கட்டம் மினுக்கும், ஹாரன் கத்தும். டியூட்டியில் இருப்பவர் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அதற்கு அக்னாலெட்ஜ் என்று பெயர். கேட்டுவிட்டேன், இதோ பார்க்கிறேன் என்று அர்த்தம். அமுக்கினதும் ஹாரன் நிற்கும், விளக்கு மட்டும் எரியும். போய்ச் சரிசெய்த பிறகு ரீசெட் என்று இன்னொரு பொத்தான். எது எப்போது கத்தியது, யார் எப்போது அமுக்கினார் என்று நொடி பிசகாமல் பதிவாகும். ஹாரன் நின்றால் வேலை முடிந்தது என்று நாற்காலியில் சாய்கிற சில ஜென்மங்கள் எங்கள் ஷிஃப்டில் உண்டு. அவர்களைப் பற்றி நானே லாக் புத்தகத்தில் காரசாரமாக எழுதியிருக்கிறேன்.

அண்ணனின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகை மாட்டினேன். நாலு விளக்கு. தண்ணி, திருப்பு, சளி என்று மூன்றை எழுதிவிட்டு, நாலாவதற்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டேன்.

“சும்மா வா-ன்னு ஒன்னு வையேன்” என்றான்.

காரணம் இல்லாமல் அலாரம் வைக்க முடியாது என்று அவனுக்கு விளக்கினேன். வருகிறவனுக்கு எதற்கு வருகிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா என்றேன். அவன் உன் இஷ்டம் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். நாலாவது கட்டத்தில் ஃபேன் என்று எழுதினேன்.

விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய மௌஸ் ஒன்றின் பொத்தானைப் பிடுங்கி, பஞ்சு சுற்றி, அவன் இடது கன்னத்தோரம் வைத்தேன். வேண்டிய விளக்கு எரியும்போது கன்னத்தால் அழுத்தினால் சமையலறையிலும் முன்னறையிலும் ஸ்பீக்கர் பேசும். குரல் என்னுடையது. ‘தண்ணி வேணும்’, ‘திருப்பிப் படுக்க வை’ என்று நானே பேசிப் பதிவு செய்தேன். முதல்முறை அதைக் கேட்டபோது அண்ணன் சிரித்தான். “இன்னாடா, நீ எங்கிட்ட தண்ணி கேக்கிற மாதிரி கீது” என்றான்.

ஒரு சின்னத் தொல்லை இருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்தப் போர்டுக்குத் தேதி மறந்துபோகும். நான் பிறப்பதற்கும் முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதிக்குப் போய் நிற்கும். நேரம் தப்பாக இருக்கிற பதிவேடு எதற்கும் ஆகாது என்று எனக்குப் பிடிவாதம். கைக்கடிகாரத்துக்குப் போடுகிற பொத்தான் பேட்டரியோடு ஒரு கடிகாரச் சில்லை வாங்கி, ஒரு வாரம் மெனக்கெட்டுச் சேர்த்தேன். யாரும் கேட்காத வேலை. அந்தப் பதிவேட்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அண்ணி கேட்டாள். பதிவேடு இல்லாத அலாரம் அலாரமே இல்லை என்றேன்.

முதல் நாட்களில் ஸ்பீக்கர் யாராவது போகும்வரை விடாமல் கத்தியது. அண்ணி அடுப்பில் கை வைத்திருக்கும்போது அது தலைக்குமேல் கத்தினால் அவளுக்குப் பதற்றம். எனக்கோ தூக்கத்தில் என் குரலே என்னைத் துரத்தியது. அதனால் அக்னாலெட்ஜ் சுவிட்ச் இரண்டு வைத்தேன். ஒன்று சமையலறைச் சுவரில், ஒன்று என் கட்டில் சட்டத்தில். அமுக்கினால் சத்தம் நிற்கும், உள்ளறைப் பலகையில் ஒரு பச்சை விளக்கு எரியும். காரியம் முடிந்ததும், போனவர் அண்ணன் தலைமாட்டில் இருக்கிற ரீசெட்டை அமுக்கினால் பச்சை அணையும்.

பச்சை விளக்கை அண்ணன் ரொம்ப ரசித்தான். அந்தச் சுவிட்சுக்கு அவன் வைத்த பெயர்தான் ‘கேட்டுச்சு சுவிட்சு’. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், தம்பி செய்தது என்று கன்னத்தால் அமுக்கிக் காட்டுவான். எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஃபேன், ஃபேன் என்று அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தான். போய்ப் பார்த்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். “ஓடுதேண்ணா” என்பேன். “தெரியும்டா, குந்து” என்பான். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன். இரண்டாவது தடவை கதவருகே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். மூன்றாவது தடவை கட்டிலிலிருந்தே சுவிட்சை அமுக்கினேன். ஓடுகிற ஃபேனுக்கு எதற்கு எழுந்து போக வேண்டும்?

பிறகு ஃபேனுக்கு மட்டும் என்று இல்லை. திருப்பு என்றாலும் கை முதலில் கட்டில் சட்டத்துக்குப் போனது. இதோ ஐந்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டு அமுக்குவேன். கண் திறக்கும்போது வெயில் ஜன்னல் மாறியிருக்கும். அவன் ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போர்டு தானாகவே கூப்பிடும்படி செய்ய நாலு வரி எழுதினால் போதும். எழுதவும் எழுதினேன். ஒரே வாரத்தில் அழித்தேன். வேண்டுமென்றால் அவனே கூப்பிடுவானே, சுவரில் கடிகாரம் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் வாக்கில் பகல் அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. எனக்கு நிம்மதி. நன்றாகத் தூங்கினேன். ஒருநாள் அண்ணி, பகலில் திருப்புகிறாயா தம்பி, முதுகு சிவந்திருக்கிறதே என்று கேட்டாள். கூப்பிட்டால்தானே போவதற்கு, என்னிடம் அவன் சமத்தாக இருக்கிறான், உங்களிடம்தான் தொந்தரவு செய்கிறான் என்றேன். கேலியாகச் சொன்னதுதான், ஆனால் கேலியாக விழவில்லை. அவள் உள்ளே போனாள்.

மழைக்காலத்தில் புண் வெடித்தது. நான் முதல்முறை அதைச் சரியாகப் பார்த்தபோது என் விரல் நுழையும் ஆழம் இருந்தது. காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தான். பல மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால்தான் இப்படி வரும் என்றார் டாக்டர். வராந்தாவில், உறவுக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போது, நான் அண்ணியைப் பார்த்துச் சொன்னேன்: ராத்திரி நீங்கள் ஒழுங்காகத் திருப்பியிருந்தால் இது வந்திருக்காது. நாள் முழுக்க விடுதியில் அண்டா கழுவிவிட்டு வருகிறவள், படுத்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று நான் உண்மையிலேயே நம்பினேன். அவள் தலை குனிந்து நின்றாள். அந்த நிற்பை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள் விடியும் முன் அண்ணன் போய்விட்டான்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று மத்தியானம் விளக்குப் பலகையையும் போர்டையும் உள்ளறைச் சுவரிலிருந்து கழற்றினேன். எதற்கு என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணியின் இரவுகளைப் பதிவேட்டில் பார்ப்பதற்கு. நான் சொன்னது சரி என்று எனக்கே ஒரு தாள் வேண்டியிருந்தது. மெமரி கார்டை உருவி, முன்னறையில் இருந்த என் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். வரிவரியாக வந்தது. தேதி, மணி, நிமிடம், நொடி. கடிகாரச் சில்லு ஒரு நொடிகூடத் தவறவில்லை.

இரவுகளை முதலில் பார்த்தேன். திருப்பு என்று ஓர் அழைப்பு. அதற்கு அக்னாலெட்ஜே இல்லை, அரை நிமிடத்தில் நேராக ரீசெட். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, அதுவும் அப்படியே. அவள் பக்கத்திலேயே படுத்திருந்தாள், சுவிட்ச் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒரு இரவு பார்த்தேன், பத்து இரவு பார்த்தேன், மாதம் மாற்றிப் பார்த்தேன். எல்லா இரவும் ஒன்றுபோலத்தான் இருந்தது. மாலை நேரங்களில் சமையலறை சுவிட்ச், அதிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்தில் ரீசெட்.

அதன்பிறகுதான் பகலுக்கு வந்தேன். பத்து நாற்பதுக்கு திருப்பு. ஆறு நொடியில் கட்டில் சுவிட்ச். ரீசெட் மாலை நாலு பத்துக்கு, அண்ணி வந்த பிறகு. அவன் அப்போதுதான் கூப்பிட்டிருக்கிறான் என்று அவள் நினைத்திருப்பாள். அடுத்த நாள் தண்ணி. நாலு நொடியில் கட்டில் சுவிட்ச். ரீசெட் ஒன்றரை மணிக்கு. பச்சை விளக்கு அத்தனை நேரமும் அவன் கண்ணெதிரில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு மாதம் முழுக்க இப்படி. பிறகு அழைப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. பகலில் அவன் கடைசியாகக் கூப்பிட்டது ஆகஸ்டில், காலை பதினொன்றே காலுக்கு. ஃபேன். அது எங்கள் தெருவில் கரண்ட் போகிற நேரம். ஃபேன் ஓடாது என்று அவனுக்குத் தெரியும். மூன்று நொடியில் கட்டில் சுவிட்ச். அதற்குப் பிறகு பகல்களில் ஒரு வரிகூட இல்லை.

அண்ணி சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

“இன்னா தம்பி, நான் ராத்திரில திருப்பலன்னு அதுல கீதா?” என்றாள்.

கோபமே இல்லாத குரல். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். இல்லை அண்ணி, நீங்கள் எல்லா இரவும் திருப்பியிருக்கிறீர்கள், பகலில்தான் நான் போகவில்லை என்றேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தேன். அடையவில்லை.

“அவருக்குத் தெரியும் தம்பி. ஆஸ்பத்திரில சொன்னாரு. நான் அமுக்கினா அடுப்பங்கரையில ஏனத்த கீழ வெக்கிற சத்தம் கேக்குமாம். நீ அமுக்கினா கட்டில் கிரீச்சுங்குமாம், அப்பால ஒன்னும் கேக்காதாம்.”

அவன் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நைட்டு பூரா முழிச்சிகினு வரான், அவன் தூங்கட்டும், பகல்ல நான் கூப்புடாம இருந்துக்கறேன்னாரு. உன்கிட்ட சொல்லவும் கூடாதுன்னாரு. ஆசையா செஞ்சி குட்த்துகிறான், மனசு வுட்டுடுவான்னு.” அவள் திரும்பி, உள்ளறைச் சுவரில் பலகை இருந்த இடத்து ஆணி ஓட்டைகளைப் பார்த்தாள். “எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா வேலைய வுட்டு நின்னுருப்பேன்” என்றாள்.

வராந்தாவில் சொன்ன வார்த்தைக்கு நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏதோ முணுமுணுத்தேன். அவள் உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரமே உறவுக்காரர்களிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். இரண்டு பேரிடம் சொன்னேன். மற்ற இரண்டு பேரிடம் இன்றுவரை சொல்லவில்லை, அவர்கள் இன்னும் அண்ணியைத்தான் குறை சொல்கிறார்கள்.

போர்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எப்போதாவது பேட்டரியில் மாட்டினால் முக்கால் நிமிடத்தில் விழித்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும். நான் இன்னும் நைட் டியூட்டிதான். காலையில் வந்து அதே கட்டிலில் படுக்கிறேன், சட்டத்தில் அந்தச் சுவிட்ச் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் இருக்கின்றன. படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது. அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.